பார் சரியா இருக்கா, பார்!

லண்டனில் 1868-ல் பெஞ்சமின் வாடி மாகன் என்று ஒரு மனிதர், குழாய்த் தண்ணீரைக் காஸ் நெருப்பில் அவ்வப்போது சூடாக்கிக் குளியல் தொட்டியில் விடுகிற கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். பெயர் வைக்கவேண்டுமே! ஐஸ்லாந்தில் தரையைப் பிளந்துகொண்டு பீச்சியடிக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றுக்கு கேய்சிர் என்று பெயர். அதையே கருவிக்கும் சூட்டிவிட்டார். மார்கழி மாதம் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று 'கீஸர் போட்டாச்சா?' என்று கேட்கிறோமே, அந்தக் கீஸர்தான்.

மாகன் கருவியில் ஒரே ஒரு குறை. புகை வெளியே போக வழி வைக்கவில்லை. குளிக்கப் போனவர் நடந்தே திரும்பி வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இன்றைக்கு லண்டனில் போய் 'கீஸர் வேலை செய்யலை' என்று சொல்லாதீர்கள். அந்த ஊர்ப் பேச்சில் கீஸர் என்றால் 'ஆசாமி'. யாரோ ஒரு ஆசாமி வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று அனுதாபப்படுவார்கள். அங்கே பாய்லர் என்று சொல்லவேண்டும். நமக்குப் பாய்லர் என்றால் பின்கட்டில் தேங்காய் மட்டை தின்று புகை கக்கும் செம்புப் பாத்திரம், அல்லது டீக்கடை வாசலில் விபூதிப் பட்டையோடு நிற்கும் பித்தளைப் பெரியவர். அவர்களுடையது சமையலறைச் சுவரில் மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி. ஃபிரிட்ஜின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். காஸில் எரியும். குழாய்க்கு வெந்நீரும் அதுதான் தரும். வீடு முழுக்கச் சுவரோரம் இரும்புப் பலகை மாதிரி நிற்கும் ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணீரைச் சுற்றுக்கு விட்டு அறைகளைச் சூடாக்குவதும் அதுதான். வேடிக்கை என்னவென்றால், பாய்லர் என்று பெயரே தவிர, உள்ளே தண்ணீர் கொதிப்பதில்லை. 60, 70 டிகிரியில் நிறுத்திக்கொள்ளும். கொதித்தால்தான் கோளாறு.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். பி.காம். முடித்தவுடன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால்சென்டரில் எனக்கு இரவு வேலை. பிரிட்டனில் பாய்லர் ரிப்பேருக்கு வருஷ சந்தா வாங்குகிற ஒரு கம்பெனிக்காக போன் எடுப்போம். அங்கே என் பெயர் கெவின். இரண்டு குளிர்காலம், வாழ்க்கையில் ஒரு பாய்லரைக் கூடக் கண்ணால் பார்க்காமல், ஏ.சி. குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு, குளிரில் நடுங்கும் வெள்ளைக்காரர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். 2010 டிசம்பர் அதில் சேர்த்தி. 1910-லிருந்து அவர்கள் வைத்திருக்கிற கணக்கில் அதுதான் மிகக் குளிர்ந்த டிசம்பர். போன் ஓயவே இல்லை.

நான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'பாய்லரில் ஒரு வட்டமான மீட்டர் இருக்கும், அதில் முள் எங்கே நிற்கிறது?' யார்க்‌ஷயரிலிருந்து ஒரு பாட்டி பளிச்சென்று பதில் சொன்னார்: 'எட்டரை.' கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஒரு போனுக்கு ஏழு நிமிஷத்துக்கு மேல் ஆனால் சூபர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று செருமுவார். பாட்டிக்குத் தனியாக இரண்டு நாளாகக் குளிர். சூபர்வைசர் செருமினால் செருமட்டும் என்று இருபது நிமிஷம் பேசினேன். அந்த மாதம் என் இன்சென்டிவ் போனது. போகட்டும்.

* * *

2022 டிசம்பர் 10, சனிக்கிழமை இரவு. முந்தின இரவுதான் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்திருந்தது. தெருவில் விழுந்த மரத்தை இன்னும் எடுக்கவில்லை. டி.வி.யில் கத்தார் உலகக் கோப்பை, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் கால் இறுதி. இடைவேளை நேரம், நமக்கு இரவு 1.20. வாட்ஸப்பில் வீடியோ கால்.

என்னோடு பி.காம். படித்தவன். லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் இருக்கிறான். (பெயர் வேண்டாம். அவன் வீட்டு ஓனர் யாழ்ப்பாணத்துக்காரர், தமிழ்ப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர்.)

"மச்சி, தூங்கிட்டியா?"

"மேட்ச் பாக்கறேன்டா."

"இங்க காலைலேர்ந்து பாய்லர் ஆஃப். வீடு 13 டிகிரி. பாப்பா பொறந்து பதினெட்டு நாள்தான்டா ஆவுது..."

வீடு பார்க்கிற ஏஜென்ஸிக்குக் காலையிலிருந்து அடித்திருக்கிறான். 'அவசர உதவிக்கு' என்று ஒப்பந்தத்தில் அச்சடித்த நம்பரில் ஒரு பெண் குரல், திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பதிலிருந்து ஐந்து வரை அவசரம் கவனிக்கப்படும் என்று இனிமையாகச் சொல்லியிருக்கிறது. அவசரமும் ஆபீஸ் டைம் பார்த்துத்தான் வரவேண்டும் போலிருக்கிறது.

அவன் பின்னால் சமையலறை தெரிந்தது. அடுப்பில் நான்கு பர்னரும் முழுசாக எரிந்துகொண்டிருந்தன. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அம்மா (அவனுடைய அம்மா, பிரசவத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து போயிருக்கிறார்கள்) குழந்தைக்கு ஐந்து சால்வை சுற்றி, குல்லாய் போட்டு, அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் சாம்பிராணிக் கரண்டி தயார். கரி கிடைத்தால் அதையும் பற்றவைக்கிற உத்தேசம்.

"முதல்ல அடுப்பை அணைடா. ஜன்னலைத் தொற."

"குளிருதுடா!"

"அணை!"

நம் ஊரில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும். பல்லி, எறும்பு, காற்று எல்லாம் டிக்கெட் இல்லாமல் வந்து போகும். அங்கே குளிர் வராமல் இருக்க இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள். அடைத்த அறையில் கரியோ காஸோ எரிந்துகொண்டே இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. நாம் சுவாசிக்கிற ஆக்சிஜனுடைய இடத்தை ரத்தத்தில் அது பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குளிர் ஜுரம் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். எழுந்திருப்பது நிச்சயமில்லை. அந்த வருஷம் அக்டோபர் 1-லிருந்து இங்கிலாந்தில் ஒரு சட்டம்: வாடகை வீட்டில் பாய்லர் மாதிரி எரிகிற சாதனம் இருக்கிற வசிப்பறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் மாட்டித் தரவேண்டும். சமையல் அடுப்பு அந்தச் சட்டத்தில் வராது. இவன் வீட்டில் பாய்லர் புண்ணியத்தில் ஒரு அலாரம் இருந்தது. அது கத்துகிற வரைக்கும் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

சால்வை விஷயமும் சொல்லவேண்டும். கைக்குழந்தை தூங்குகிற அறை 16-லிருந்து 20 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பது அந்த ஊர் டாக்டர்கள் சொல்லும் கணக்கு. அளவுக்கு மீறிச் சுற்றிச் சூடேற்றுவதும் ஆபத்து. தூக்கத்திலேயே பச்சைக் குழந்தை இறந்துபோகிற துக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வீட்டுக்குள் குல்லாய் வேண்டாம் என்பார்கள். இதை அந்த நேரத்தில் அம்மாவிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. நான் சொன்னேன், ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிற தைரியத்தில். பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரரிடம் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டர் கடன் வாங்கி ஒரே அறையில் வைத்து, தாயும் பிள்ளையும் அங்கே போனார்கள். குல்லாயும் மூன்று சால்வையும் கழன்றன.

அதற்கப்புறம்தான் பாய்லருக்கு வந்தோம். கேட்டேன், கெவின் குரலில்: "முள் எங்க நிக்குது?"

"பூஜ்யம் புள்ளி மூணு."

அப்பாடா என்றிருந்தது. தண்ணீர் அழுத்தம் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த அழுத்தத்தை அளக்கிற அலகுக்கு 'பார்' என்று பெயர். (நம் இளைஞர்கள் அதற்குள் எழுந்து சட்டை மாட்டவேண்டாம்.) கனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1 பார் என்றால் எவ்வளவு? உங்கள் வீட்டு குக்கரில் வெயிட் எழும்பி விசில் அடிக்கிறபோது உள்ளே வெளிக்காற்றை விட எவ்வளவு அழுத்தம் கூடுதலோ, ஏறக்குறைய அவ்வளவு. பத்து மீட்டர் உயரத்தில் ஓவர்ஹெட் டேங்க் இருந்தால் கீழ்க்குழாயில் கிடைக்கிற அழுத்தமும் அதேதான். ஸ்கூட்டர் முன் சக்கரத்துக்கு 22 பவுண்டு காற்று அடிக்கச் சொல்கிறோமே, அது 1.5 பார். அந்த வெள்ளைப் பெட்டி ஆறியிருக்கும்போது கேட்பது 1-க்கும் 1.5-க்கும் நடுவில். ஸ்கூட்டர் டயர் அளவுக்குத்தான் ஆசை.

மாடி ரேடியேட்டர் வரைக்கும் குழாயில் தண்ணீர் நிறைந்து நிற்க இந்த அழுத்தம் வேண்டும். உள்ளே இருக்கிற பம்பு, இருக்கிற தண்ணீரைச் சுற்றிவிடுமே தவிர, இல்லாத தண்ணீரைக் கொண்டுவராது. தண்ணீர் குறைந்த நிலையில் நெருப்பு எரிந்தால் உள்ளே இருக்கும் சூடேற்றும் பாகம் கருகிப்போகும். அதனால் முள் ரொம்பக் கீழே போனால் பாய்லர் தானே அணைந்து, ஏதோ ஒரு எழுத்தும் எண்ணும் காட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்ளும். அது ரிப்பேர் இல்லை. சுயமரியாதை.

தண்ணீர் குறைந்தால் குழாயிலிருந்து தானே எடுத்துக்கொள்ளக் கூடாதோ? பழைய காலத்து ஏற்பாட்டில் அப்படித்தான். பரணில் ஒரு குட்டித் தொட்டி, அதில் மிதக்கும் பந்து வால்வு. குறையக் குறைய நிரம்பும். இப்போதைய ஏற்பாடு மூடிய வளையம். ரேடியேட்டருக்குள் சுற்றுகிற தண்ணீர் வருஷக்கணக்காக இரும்பில் ஊறி, துருத் தடுக்கும் மருந்து கலந்து, டிகிரி காப்பி நிறத்தில் இருக்கும். அது குடிக்கிற தண்ணீர்க் குழாயோடு கலந்துவிட்டால்? அதனால் இரண்டையும் சும்மா நிரந்தரமாகத் தொடுத்து வைக்கக்கூடாது என்று 1999-ல் போட்ட தண்ணீர்ச் சட்டம் இருக்கிறது. மடி ஆசாரம்தான். நிரப்பும்போது மட்டும் ஒரு சின்ன ஹோஸால் இரண்டையும் இணைக்கவேண்டும். நிரம்பியதும் மூடி, கழற்றி, வைத்துவிடவேண்டும். சில மாடல்களில் ஹோஸுக்குப் பதில் ஒரு சாவி, இல்லாவிட்டால் ஒரு நெம்புகோல். விஷயம் ஒன்றே.

"பாய்லருக்கு அடியில குனிஞ்சு பாரு. நம்ம வாஷ்பேசினுக்குக் கீழ இருக்குமே, கம்பி பின்னின கனெக்‌ஷன் பைப், அந்த மாதிரி குட்டியா ஒண்ணு தொங்குதா?"

"இல்லடா. ரெண்டு குழாய் இருக்கு. வாயில மூடி போட்டிருக்கு."

முன்னால் குடியிருந்தவர் சட்டத்தை மதிப்பவர் போலிருக்கிறது. கழற்றி வைத்திருக்கிறார். எங்கே? அதற்குத்தான் அரை மணி. பாத்ரூம், மாடிப்படி அடி, மீட்டர் பெட்டி எல்லாம் தேடினோம். கடைசியில் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் அம்மாதான் கண்டுபிடித்தார்கள். "ஏம்ப்பா, இதைத்தான் நான் வந்த நாளா என்னன்னு பாக்கறேன். இடியாப்பக் குழல் சாமான்னு நினைச்சேன்."

அதற்குள் அவனுக்கு வேறு பயம் வந்துவிட்டது. "மச்சி, அக்ரிமென்ட்ல பாய்லரை ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு எழுதியிருக்குடா. காஸ் வேற..."

நியாயமான பயம். அதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒரு கோடு. வெளி மூடியைத் திறக்காதே; காஸ் குழாயைத் தொடாதே; அந்தப் பக்கம் முழுக்கப் பதிவு பெற்ற ஆளுக்குத்தான். காஸ் வாடை வந்தால் ஸ்விட்சுகூடத் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 என்ற நம்பருக்கு அடி. தண்ணீர் நிரப்புவது கோட்டுக்கு இந்தப் பக்கம். பாய்லரோடு வருகிற புத்தகத்திலேயே வீட்டுக்காரர் செய்யவேண்டிய வேலையாகத்தான் பெரும்பாலும் போட்டிருக்கும். அவனுடைய புத்தகத்தைத் தேடிப் படிக்கச் சொன்னேன். போட்டிருந்தது.

பாய்லரின் மெயின் ஸ்விட்சை அணைத்தான். பெட்டி காலையிலிருந்தே ஆறித்தான் கிடந்தது. சூட்டோடு நிரப்பினால் முள் பொய் சொல்லும். இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்தான். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே இருந்தால் மூடல், குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறப்பு. மூடிகளைக் கழற்றி ஹோஸை இரண்டு பக்கமும் இறுக்கினான். ஒரு வால்வை முழுக்கத் திறக்கச் சொன்னேன். இரண்டாவதை, கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

உஸ்ஸ்ஸ் என்று சத்தம். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அம்மா கையில் போன். காமிரா முள்ளுக்கு நேரே.

"பூஜ்யம் புள்ளி அஞ்சு... எட்டு... ஒண்ணு வந்துடுச்சுப்பா... ஒண்ணு புள்ளி ரெண்டு..."

"மூணுல நிறுத்து! ரெண்டு வால்வையும் மூடு!"

மூடினான். ஹோஸைக் கழற்ற, இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மூடிகளைப் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டு ரீசெட் பட்டனை அழுத்தினான். டி.வி.யில் அப்போது 84-வது நிமிஷம், 2-1 என்று பின்தங்கிய இங்கிலாந்துக்காக ஹாரி கேன் பெனால்டி அடிக்கப் போகிறார். அடித்தார். பந்து பாருக்கு மேலே போய்விட்டது. அதே சமயம் போனில் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் 'ஹூம்ம்' என்று நெருப்பின் முனகல். அன்றிரவு ஒரு தேசமே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, ஹாரோவில் ஒரு வீட்டில் மட்டும் தஞ்சாவூர்க் குலவை கேட்டது.

"குக்கர்ல தண்ணி இல்லாம அடுப்புல வச்சா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா? இதுக்கு ரெண்டு பி.காம்., ரெண்டு நாடு!" என்றார்கள் அம்மா.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் போன். முள் 0.4.

பி.காம். இங்கேதான் உபயோகப்பட்டது. மூடிய வளையம் என்றால் பேரேடு மாதிரி. உள்ளே போனது உள்ளேதான் இருக்கவேண்டும். குறைந்தால் எங்கேயோ பற்று எழுதப்பட்டிருக்கிறது. தினம் காலையில் எழுந்து நிரப்பிக்கொண்டே இருக்கலாம்தான். கணக்கு உதைக்கிறபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற குமாஸ்தா வேலை அது. ஆடிட்டர் ஒரு நாள் வருவார். ஒவ்வொரு தடவை புதுத் தண்ணீர் போகும்போதும் அதோடு ஆக்சிஜனும் போய், ரேடியேட்டர் உள்ளே துருப் பிடித்து, சேறாகச் சேர்ந்து, பம்பை அடைக்கும். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை நிரப்புவது சகஜம். ரேடியேட்டரில் சேர்ந்த காற்றைத் திறந்துவிட்டால் அதற்கப்புறம் நிரப்பவும்வேண்டும். தினம் என்றால் ஓட்டை.

எங்கே? ரேடியேட்டர் வால்வுகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்தான். காய்ந்தே இருந்தது. கூரையில் கறை இல்லை. "வெளிய போய், பாய்லருக்கு நேர்ப் பின்சுவத்துல ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கிட்டிருக்கும், பாரு" என்றேன்.

பார்த்தான். குழாய் முனையில் ஒரு சாண் நீளத்துக்குப் பனிக்கட்டி, ஐஸ்புரூட் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

குக்கருக்கு சேஃப்டி வால்வு மாதிரி பாய்லருக்கும் ஒன்று உண்டு. அழுத்தம் 3 பாரைத் தொட்டால் அது திறந்து, தண்ணீரை அந்தச் செம்புக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். ஏன் 3 வரைக்கும் போகிறது? 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 3 லிட்டர் பெருகும். மூடிய குழாயில் அந்த 3 லிட்டர் எங்கே போகும்? அதற்காகவே ஒரு தகர உருண்டை வைத்திருக்கிறார்கள். நடுவே ரப்பர் திரை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். தண்ணீர் பெருகும்போது ஃபுட்பால் பிளாடர் மாதிரி காற்று அமுங்கி இடம் விடும். அந்தக் காற்று வருஷக்கணக்கில் கசிந்து போயிருந்தால் அமுங்க ஒன்றும் இல்லை. சூடானதும் முள் சரசரவென்று 3-க்கு ஏறும், வால்வு துப்பும், ஆறினதும் முள் தரையைத் தொடும். அவனும் கவனித்திருக்கிறான்: ராத்திரி சூடாக இருந்தபோது முள் மூன்றுக்குப் பக்கத்தில் நின்றதாம். 'நல்லா வேலை செய்யுது' என்று சந்தோஷப்பட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான்.

இது கோட்டுக்கு அந்தப் பக்கத்து வேலை. ஆள் வரவேண்டும்.

ஆள் என்றதும் வாட்ஸப் குரூப்பில் ஒருவர் ஆள் கொடுத்தார். 'நம்மாளுதான், ஐம்பது பவுண்டு, கேஷ், பில் கிடையாது, அரை மணியில வந்துடுவார்.' வெளிநாட்டில் இந்த 'நம்மாளு' ஒரு பெரிய நிறுவனம். முடிவெட்டுவதிலிருந்து விசா வரைக்கும் பார்ப்பார். தோசைக்கல் வாங்க, பெயின்ட் அடிக்க நம்மாளை விட்டால் வேறு கதி இல்லை. காஸுக்குக் கூடாது. கார்டு இருக்கா என்று கேட்கச் சொன்னேன். 2009 ஏப்ரல் 1-லிருந்து 'காஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் காஸ் பாய்லரில் கை வைக்கலாம். போட்டோவோடு கார்டு தருகிறார்கள். கார்டின் பின்பக்கம் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்றுகூட எழுதியிருக்கும். (அதற்கு முன்னால் இருந்த பதிவேட்டுக்கு 'கோர்கி' என்று பெயர். என் கால்சென்டர் நாளிலும் பழக்கம் விடாத தாத்தா ஒருவர், 'உடனே ஒரு கோர்கியை அனுப்பு' என்று அதட்டினார். எலிசபெத் ராணி வளர்த்த நாய் ஜாதி எதற்கு இவருக்கு என்று நான் விழித்தேன்.) நம்மாளிடம் கார்டு கேட்டார்கள். நம்மாளுக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது.

ஞாயிறு இரவு லண்டனில் பனி கொட்டியது. திங்கள் காலை ரயில் தடுமாற்றம், ரோடெல்லாம் வெள்ளை. ஒன்பது மணிக்கு ஏஜென்ஸி திறந்து, புதன்கிழமைதான் ஆள் என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

இவன் பேசாமல் இருக்கத் தயார். டெபாசிட் ஐந்து வார வாடகை அவர்களிடம் இருக்கிறது, வம்பு எதற்கு என்பது அவன் கட்சி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1985-ம் வருஷத்து வீட்டு வாடகைச் சட்டத்தில் 11-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சாதாரண வாடகை வீட்டில் ஹீட்டரும் வெந்நீரும் ஒழுங்காக ஓடும்படி வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அக்ரிமென்டில் எதிர்மாறாக எழுதினாலும் செல்லாது. வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லியிருக்கிறது. சண்டை போடச் சொல்லவில்லை. கணக்கு எழுதச் சொன்னேன். சனி 0.3, நிரப்பியது 1.3, இரவு சூட்டில் 3, ஞாயிறு 0.4, வீட்டுச் சூடு 13, குழந்தைக்கு வயது 18 நாள். கூடவே பனிக்கட்டி போட்டோ. கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. ஏஜென்ஸிக்கு அனுப்பி, நகல் நேராக வீட்டு ஓனருக்கு.

நாற்பது நிமிஷத்தில் ஓனர் போன்.

"தம்பி, பிள்ளை பிறந்து பதினெட்டு நாளோ? எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்தானே!"

ஏஜென்ஸி அவரிடம் மூச்சு விடவில்லை. 'இருபத்து நாலு மணி நேர அவசர உதவி' என்று அவரிடம் மாதாமாதம் தனியாக ஒரு தொகை மட்டும் தவறாமல் வாங்கியிருக்கிறது. பனியில் காரை உருட்டிக்கொண்டு மனிதர் மத்தியானமே வந்துவிட்டார், இரண்டு எலெக்ட்ரிக் ஹீட்டரும், பிள்ளை பெற்றவளுக்கென்று அவர் மனைவி வைத்த பத்தியக் கறி ஒரு சட்டியுமாக. அம்மாவுக்கும் அவருக்கும் பூண்டு எவ்வளவு போடுவது என்பதில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்ததாம்.

செவ்வாய்க்கிழமை கார்டு உள்ள ஒருவரை அவரே கூட்டிவந்தார். தகர உருண்டைக்குக் காற்று அடித்து, துப்பிப் பழகிவிட்ட வால்வை மாற்றி, முள்ளை 1.2-ல் நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒரு தடவை திறந்த வால்வு மறுபடி சரியாக உட்காருவதில்லையாம். பில் ஓனர் பெயரில். ஏஜென்ஸியை அந்த மாதமே மாற்றிவிட்டார் என்று கேள்வி.

அம்மா மார்ச் வரை அங்கே இருந்தார்கள். காலையில் பால் காய்ச்சுவதற்கு முன் கண்ணாடி போட்டுக்கொண்டு பாய்லர் முன்னால் போய் நின்று, முள்ளைப் பார்த்து, ஃபிரிட்ஜில் மாட்டியிருந்த காலண்டரில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுதுவார்களாம். நண்பன் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். 1.2, 1.2, 1.2, 1.1, 1.2. ஒரு கட்டத்தில் மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'சாம்பிராணி - தோட்டத்தில்' என்று இருந்தது.